அப்பா ஏன் தரையில படுத்திருக்காரு?

புதுச்சேரி உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கத்திலோ கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்திலோ பெரியவர்களுக்கான ஓட்டப்பந்தயம் நடக்கும் நாளில் கேலரிப் பக்கம் திரும்பிப் பாருங்கள். பிஸ்கட் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலுமாகக் குழந்தைகள் கூட்டம் ஒன்று உட்கார்ந்திருக்கும். காரணம் வயதுக் கணக்குதான். உலக அளவில் மூத்தோர் தடகளம் 35 வயதில் ஆரம்பிக்கிறது. அங்கிருந்து 35–39, 40–44 என்று ஐந்தைந்து வருடப் பிரிவுகள். பெயர்தான் மூத்தோர், முதல் இரண்டு பிரிவுகளில் ஓடுகிற பலர் வீட்டில் எல்.கே.ஜி.யிலோ மூன்றாம் வகுப்பிலோ ஒரு பிள்ளை இருக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் முதலமைச்சர் கோப்பையில் அரசு ஊழியர் பிரிவு, பொதுமக்கள் பிரிவு என்றெல்லாம் வந்துவிட்டதால், வேலைக்குப் போய்ப் பிள்ளை பெற்ற பிறகும் செஸ்ட் நம்பர் குத்திக்கொண்டு ஓட ஒரு வழி இருக்கிறது.

ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் தோற்றுத்தான் வீடு திரும்புவார்கள். எட்டுப் பேர் ஓடும் ஃபைனல்ஸில் மூன்று பேருக்குத்தான் மேடை. சாலை ஓட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். சில நூறு பேர் ஓடுவார்கள், பிளேஸ் வாங்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஓடுகிறவருக்கு இது பழகிப்போன கணக்கு. கேலரியில் இருக்கும் பிள்ளைக்கு அப்படியில்லை. ஒன்று ஓவென்று அழும். ஒன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கிட்டே போனால் அடிக்கும். இன்னொன்று எதுவுமே நடக்காதது போல ஐஸ் வண்டியைக் காட்டும். அழும் பிள்ளையைப் பார்த்து "என் பையனுக்குத் தோல்வியே பிடிக்காது சார், என்னை மாதிரியே" என்று பெருமை கலந்த வருத்தத்தோடு அப்பாக்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

ஆறேழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் விஷயத்தில் அந்த விளக்கம் பெரும்பாலும் பொருந்தாது என்பது என் எண்ணம். அந்த வயதில் பிள்ளை தோல்விக்காக அழுவது அபூர்வம். அதன் கண்ணில் பட்டது வேறு.

முடிவுக் கோட்டுக்கு அப்புறம் அரை நிமிடம்

800 மீட்டர் ஓடி முடித்தவரைப் பிள்ளையின் இடத்திலிருந்து பாருங்கள். கடைசி நூறு மீட்டரில் பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைத்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து வருகிறார். கோட்டைத் தாண்டியதும் முழங்காலில் கை வைத்துக் குனிகிறார். அப்புறம் அப்படியே சரிந்து டிராக்கில் மல்லாந்து படுத்துவிடுகிறார். சிலர் ஓரமாகப் போய் வாந்தி எடுக்கிறார்கள். முகம் வெளுத்திருக்கிறது, நெஞ்சு ஏறி ஏறி இறங்குகிறது, கூப்பிட்டால் பதில் வரவில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கு இதில் "மூன்றாவது பிளேஸ் போச்சு" என்பது எங்கே தெரியப்போகிறது? அப்பா விழுந்துவிட்டார் என்பதுதான் தெரியும்.

இதில் பயப்பட ஒன்றும் இல்லை என்பது ஓட்டக்காரருக்குத் தெரியும். ஓடும்போது கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே இதயத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். காலில் ரத்தக் குழாய்களும் நன்றாக விரிந்திருக்கும். சட்டென்று நின்றால் தள்ளுகிற வேலை நின்றுபோகிறது, குழாய்கள் மட்டும் விரிந்தபடியே இருக்கின்றன. ரத்தம் காலிலேயே தேங்கி, மூளைக்குப் போவது குறைகிறது. தலை சுற்றல், வெளுத்த முகம், சரிந்து விழுதல் எல்லாம் அதனால்தான். "உட்காராத, நட, நட" என்று பி.டி. மாஸ்டர்கள் கத்துவது வெறும் பழக்கம் இல்லை. அப்படியும் மயக்கம் வந்தால் படுக்க வைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பார்கள். வாந்திக்குக் காரணம் வேறு. முழு வேக ஓட்டத்தில் வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைந்து காலுக்குப் போய்விடுகிறது. ரத்தத்தில் அமிலத்தன்மையும் ஏறியிருக்கும். இதோடு நம் கடலோரக் காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்புச் சூடு இறங்க நேரமாகும். ஜெயித்தவரும் இதேபோலத்தான் கிடப்பார். பிள்ளைக்கு அதை யாரும் சொல்வதில்லை.

முகத்தைப் பார்த்து ஜெயித்தவரா தோற்றவரா என்று கண்டுபிடிப்பது பெரியவர்களுக்கே முடியாத காரியம். 2012-ல் ஹிலெல் அவிசெர் என்ற உளவியலாளரும் அவரது சகாக்களும் டென்னிஸ் ஆட்டக்காரர்கள் புள்ளி எடுத்த, விட்ட நொடியின் படங்களைக் காட்டிச் சோதித்தார்கள். முகத்தை மட்டும் வெட்டிக் காட்டியபோது, இது வெற்றியா தோல்வியா என்று மக்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உடம்பைக் காட்டியதும் சொல்லிவிட்டார்கள். உச்சத்தில் இருக்கும் சந்தோஷமும் உச்சத்தில் இருக்கும் வேதனையும் முகத்தில் ஒரே மாதிரி கோணலாகத்தான் தெரிகின்றன. அதற்கு முன்பு 2008-ல் ஜெசிகா டிரேசியும் டேவிட் மாட்சுமோட்டோவும் 2004 ஒலிம்பிக், பாராலிம்பிக் ஜூடோ வீரர்களின் படங்களை ஆராய்ந்தார்கள். ஜெயித்தவர்கள் நெஞ்சை விரித்துக் கையைத் தூக்குகிறார்கள். தோற்றவர்களுக்குத் தோள் தொங்குகிறது, நெஞ்சு உள்ளே ஒடுங்குகிறது. பிறவியிலேயே பார்வை இல்லாத வீரர்களும் இதையேதான் செய்தார்கள். யாரையும் பார்த்துக் கற்ற நடிப்பு இல்லை இது, உடம்பின் வேலை.

ஆக, பிள்ளை படிப்பது ரிசல்ட் ஷீட்டை இல்லை, தோளை. பேச்சு வராத வயதிலேயே இந்தப் படிப்பு ஆரம்பித்துவிடுகிறது. 1985-ல் ஜேம்ஸ் சார்ஸும் கூட்டாளிகளும் நடத்திய ஒரு சோதனை பிரபலம். ஒரு வயதுக் குழந்தையைக் கண்ணாடித் தளம் ஒன்றில் விட்டார்கள். பாதி தூரத்துக்கு மேல் கண்ணாடிக்கு அடியில் பள்ளம் இருப்பதுபோல் தெரியும். குழந்தை விளிம்பில் நின்று எதிரே இருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அம்மா சிரித்த முகத்தோடு இருந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் தாண்டிப் போய்விட்டார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒருவர்கூடத் தாண்டவில்லை. புரியாத இடத்தில் பெரியவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்வதுதான் குழந்தையின் வழி. தடகள மைதானம் குழந்தைக்கு நிச்சயம் புரியாத இடம்தான். விசில், வெடிச் சத்தம், மைக்கில் யாரோ அலறுவது, நடுவில் அப்பா மட்டும் அடையாளம் தெரியாத கோலத்தில்.

நடைமுறையில் இதற்குப் பெரிய வைத்தியம் ஒன்றும் தேவையில்லை. முந்தின நாளே "ஓடி முடிச்சதும் அப்பா கொஞ்ச நேரம் படுத்துப்பேன், பேச மாட்டேன், மூச்சு வாங்கும், அப்புறம் சரியாயிடும்" என்று சொல்லி, வீட்டுக் கூடத்தில் ஒருமுறை விழுந்து காட்டினால் பாதிக் கதை முடிந்தது. பிள்ளைக்கு அது சிரிப்பாகக்கூட இருக்கும். போட்டி அன்று முடிவுக் கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, வளைவுப் பக்கம் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்வது நல்லது. கோடு தாண்டி ஐந்து நிமிடம் நடந்து, தண்ணீர் குடித்து, முகம் கழுவி அதனிடம் போகலாம். "ஓடிப்போய் அப்பாவைக் கட்டிப்பிடி" என்று பிள்ளையைத் தள்ளிவிட்டு செல்போனில் வீடியோ எடுக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. ஜெயித்தால் அது அழகான வீடியோ. தோற்று, மூச்சு முட்டி, கையை விலக்கிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அன்றைய நாள் போச்சு.

தோற்பது எப்போது புரிகிறது

வயதுவாரியாகப் பார்த்தால் படம் கொஞ்சம் தெளியும். டெபோரா ஸ்டிபெக்கும் சகாக்களும் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், யார் முதலில் முடிப்பது என்ற வகைச் சின்னப் போட்டிகளைக் குழந்தைகளுக்கு வைத்தார்கள். ஏறக்குறைய இரண்டே முக்கால் வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். முடித்துவிட்டோம் என்பதே சந்தோஷம். அதற்கு மேல்தான் யார் முந்தினார் என்பது மனதில் படத் தொடங்கியது. ஆனால் முந்தியவர் யார் என்று தெரிவதும் "அப்படியானால் நான் இந்த வேலையில் சுமார்தான்" என்று தன்னை எடைபோடுவதும் ஒன்றில்லை. டயான் ரூபிள் 1980-ல் காட்டியபடி, மற்றவரோடு ஒப்பிட்டுத் தன் திறமையை மதிப்பிடும் பழக்கம் ஏழெட்டு வயதில்தான் பிடிபடுகிறது.

இன்னும் வேடிக்கையானது ஜான் நிக்கோல்ஸ் 1978-ல் கண்டது. இரண்டு பேர் ஒரே மதிப்பெண் எடுக்கிறார்கள். ஒருவர் கஷ்டப்பட்டு உழைத்து எடுத்தார், மற்றவர் விளையாடிக்கொண்டே எடுத்தார். யார் கெட்டிக்காரர்? பெரியவர்கள் இரண்டாமவரைக் காட்டுவோம். சின்னப் பிள்ளைகள் உழைத்தவரைத்தான் காட்டுகிறார்கள். உழைப்பு வேறு, திறமை வேறு என்று பிரிப்பது பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் முழுசாகக் கைவருகிறது. இதை ஓட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளை பார்வையில் அதிகம் வியர்த்தவர், அதிகம் மூச்சு வாங்கியவர், சட்டை முழுக்க உப்புப் பூத்தவர்தான் நன்றாக ஓடியவர். கடைசியாக வந்த அப்பாவுக்கு அந்தத் தேர்வில் முதல் இடம் உறுதி. பிள்ளை அப்படி நினைத்துச் சிரித்த முகத்தோடு வரும்போது "அப்பா தோத்துட்டேன்டா" என்று தலையில் கை வைத்து அதைத் திருத்த வேண்டிய அவசரம் என்ன என்பது எனக்குப் புரிவதில்லை.

நம் தெரு விளையாட்டுக்கு இந்த வயதுக் கணக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. ஓடிப்பிடித்து விளையாடும்போது அக்கா, அண்ணன்களோடு வாண்டு ஒன்றும் சேர்ந்துகொண்டு அடம்பிடித்தால், அதை விரட்ட மாட்டார்கள். ஒப்புக்குச் சப்பாணி என்று சேர்த்துக்கொள்வார்கள். அது ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். அவுட் மட்டும் ஆகாது. தான் சப்பாணி என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. என்றைக்கு "எனக்கும் அவுட் உண்டு" என்று அதுவாகச் சண்டை போடுகிறதோ, அன்றைக்கு முழு ஆட்டக்காரர். அன்றிலிருந்து தோத்தாங்குளி என்ற கேலியும் உண்டு, அழுதால் அழுகுணி ஆட்டம் என்ற பேரும் உண்டு.

சாலை ஓட்டங்களில் கொடுக்கும் ஃபினிஷர் மெடல் இந்த இடத்தில் ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. ஓடி முடித்த எல்லாருக்கும் கழுத்தில் ஒன்று விழும். மூன்று நான்கு வயதுக்கு அது வரம்: அப்பா மெடல் வாங்கிட்டார், முடிந்தது கதை. ஏழு வயதில் கேள்வி வரும். "எல்லாருக்கும் குடுக்கறாங்களே, அப்ப யாருதான் ஜெயிச்சது?" இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதே நல்லது: இது முடித்ததற்கு, அது முந்தியதற்கு. 2008-ல் தொடங்கிய ஆரோவில் மாரத்தான் போன்றவை போட்டிக்காக இல்லை, ஓட்டத்தின் மகிழ்ச்சிக்காக என்று சொல்லியே நடத்தப்படுகின்றன. செம்மண் பாதையில், மரங்களுக்கு நடுவே, யாரை முந்தினோம் என்ற கவலை இல்லாமல் ஓடும் ஓட்டம். முதன்முதலாகப் பிள்ளையைக் கூட்டிப்போக அப்படிப்பட்ட ஓட்டம் தோதானது. மாவட்ட ஃபைனல்ஸை அப்புறம் காட்டலாம்.

கப்பு வாங்கிட்டு வர்றேன்

பயத்துக்கு அடுத்தபடி அழுகைக்குப் பெரிய காரணம், வீட்டிலிருந்து கிளம்பும்போது நாம் விட்ட வாக்கு. விடியற்காலை நாலரை மணிக்கு ஷூ லேஸ் கட்டும்போது தூக்கக் கலக்கத்தில் பிள்ளை கேட்கும், "எங்கப்பா போறே?" "கப்பு வாங்கப் போறேன், தூங்கு." சொன்னவர் அதோடு மறந்துவிடுவார். பிள்ளைக்கு அது கடைக்குப் போய்ச் சாக்லேட் வாங்கி வருகிறேன் என்பதற்குச் சமம். வாங்கப் போனவர் வெறுங்கையோடு வந்தால் "பொய் சொன்னே" என்றுதான் கோபப்படும். இந்தக் கோபத்தைத் தோல்வி தாங்காத குணம் என்று பெயர் வைத்து டாக்டர் வரைக்கும் யோசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். வாக்குத் தவறியவர்மேல் வரும் நியாயமான கோபம் அது.

எதைச் சொல்லலாம்? "ஓடப் போறேன்" போதும். டைமிங் பேச்சு ஐந்து வயதில் ஏறாது. கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளையிடம் 10 கிலோமீட்டரை 48 நிமிடத்தில் முடித்தேன், போன வருடம் 50 என்றால் அதற்கு என்ன விளங்கும்? எட்டு வயதுக்கு மேல் இதே பேச்சு அருமையாக வேலை செய்யும். பிளேஸ் போனாலும் தன் பழைய டைமிங்கை முந்தியதைச் சொல்லலாம், ஒரு லேப்புக்கு எத்தனை வினாடி என்று இருவருமாகக் கூட்டிக் கழிக்கலாம்.

இன்னொரு சிக்கல், சின்னப் பிள்ளைகள் உலகத்தில் நடப்பதற்கெல்லாம் தாங்களே காரணம் என்று நினைத்துக்கொள்வது. "நான் சத்தமா கத்தல, அதனாலதான் தோத்தியா?" என்று கேட்கும். சில பிள்ளை கேட்காமலே நினைத்துக்கொண்டிருக்கும். அதற்கு முந்தின ராத்திரி காய்ச்சலில் அழுது அப்பாவைத் தூங்கவிடாமல் செய்திருந்தால் இன்னும் மோசம். "ராத்திரி பூரா இவனால தூக்கமே இல்ல, கால் எங்க ஓடும்?" என்று நண்பரிடம் போனில் சொல்வது பக்கத்தில் பொம்மை காரோடு உட்கார்ந்திருக்கும் ஆளின் காதில் விழத்தான் செய்யும்.

ஓடும் அம்மாக்கள் வீட்டில் இது இரட்டிப்பாகிறது. அப்பா தோற்றால் "பரவாயில்லப்பா, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்பவர்களே அம்மா தோற்றால் "புள்ளைய விட்டுட்டு விடியக்காலத்துல எழுந்து ஓடி என்னத்தம்மா கண்ட?" என்பார்கள். பெரும்பாலும் பிள்ளை எதிரிலேயே. அம்மாவின் தோல்விக்கும் தனக்கும் ஏதோ கணக்கு இருக்கிறது என்று அது முடிச்சுப்போட்டுவிடும். இதற்கு எதிர்ப்பக்கமாகச் சில காட்சிகள் உலக மேடையில் கிடைக்கின்றன. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் வெள்ளி வாங்கிய அமெரிக்காவின் நியா அலி, தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் மைதானத்தைச் சுற்றினார். ஜமைக்காவின் ஷெல்லி ஆன் ஃப்ரேசர் ப்ரைஸ் 2017-ல் பிள்ளை பெற்று, 2019 தோஹா உலகப் போட்டியில் 100 மீட்டர் தங்கம் வாங்கினார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே ஓட்டத்தில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. 2023-ல் மகனின் பள்ளி விளையாட்டு விழாவில் பெற்றோர் ஓட்டத்தில் இறங்கி மற்ற அம்மாக்களை எங்கேயோ விட்டுவிட்டு ஓடிய வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அந்தப் பையனுக்கு டோக்கியோ வெள்ளியைவிடப் பள்ளி மைதானத்து ஓட்டம்தான் பெரிசாக இருந்திருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். கூட ஓடியவர்கள் தன் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் அல்லவா.

பெரியவருக்கும் வலிக்கும்

இவ்வளவும் பிள்ளை பக்கம். ஓடியவர் பக்கம் வலி நிஜமானது. 1984 லாஸ் ஏஞ்சலிஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 வினாடி, மூன்றாவதாக வந்த ருமேனியாவின் கோஜோகாரு 55.41. நூறில் ஒரு வினாடி. நாற்பது வருடம் ஆகியும் நம் வீடுகளில் அது பேச்சாக இருக்கிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் வீரர்களின் முகங்களை வைத்து 1995-ல் வந்த ஓர் ஆய்வு, வெண்கலம் வாங்கியவர்கள் வெள்ளி வாங்கியவர்களைவிடச் சந்தோஷமாகத் தெரிந்ததைக் காட்டியது. வெள்ளிக்காரர் போன தங்கத்தை நினைக்கிறார், வெண்கலக்காரர் வெறுங்கையோடு போகாமல் தப்பித்ததை நினைக்கிறார். மாவட்ட அளவில் நான்காவதாக வந்தவருக்கு ஆறுதல் சொல்ல இந்த ஆய்வில்கூட இடமில்லை.

அதிலும் ஓட்டத்தை நம்பிப் பிழைப்பு இருக்கும் வீடுகள் உண்டு. ரயில்வே, போலீஸ், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை என்று எதிர்பார்த்து ஓடுகிறவருக்கு ஒரு பிளேஸ் என்பது ஒரு சான்றிதழ். அது போனால் சம்பளக் கணக்கும் கடன் கணக்கும் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடும். அங்கே "விளையாட்டுதானேப்பா" என்று பிள்ளைக்குச் சொன்னால் அது நம்பாது. ராத்திரி அம்மாவும் அப்பாவும் தாழ்ந்த குரலில் பேசுவதைத்தான் நம்பும்.

ஆகவே வருத்தத்தை மறைத்துச் சிரித்துக் காட்ட வேண்டுமா? சாரா வாட்டர்ஸ் என்பவரும் சகாக்களும் அமெரிக்காவில் 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மன அழுத்தம் தரும் வேலை ஒன்றைப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டு, ஒரு பகுதியினரிடம் மட்டும் அதைப் பிள்ளையிடம் காட்டிக்கொள்ளாதீர்கள் என்றார்கள். மறைத்தவர்கள் பிள்ளையோடு சேர்ந்து செய்த வேலையில் ஒட்டுதல் குறைந்திருந்தது, பிள்ளைகளும் அதே அளவுக்கு ஒதுங்கினார்கள். மறைப்பதிலேயே கவனம் போனால் பிள்ளைக்குக் கொடுக்க என்ன மிஞ்சும்? "அப்பாவுக்குக் கஷ்டமா இருக்கு. கொஞ்ச நேரம் ஆனா சரியாயிடும். உன் மேல கோபம் இல்ல" என்ற மூன்று வாக்கியம் எனக்குத் தெரிந்த வீடுகளில் நன்றாகவே வேலை செய்கிறது. மூன்றாவது வாக்கியத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பிள்ளை பார்ப்பது இதோடு நின்றுவிடாது, அடுத்து என்ன செய்கிறோம் என்பதையும் பார்க்கும். ஹைமோவிட்ஸ், கேரல் டுவெக் இருவரும் 2016-ல் எழுதிய கட்டுரையில் ஒரு நுணுக்கம் உண்டு. திறமை வளருமா வளராதா என்று பெற்றோர் நினைப்பது பிள்ளைக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. தோல்வியைப் பெற்றோர் எப்படிப் பார்க்கிறார்கள், ஒன்று கற்றுக்கொள்ள வாய்ப்பாகவா, தலையில் விழுந்த இடியாகவா என்பது மட்டும் அதற்கு நன்றாகத் தெரிகிறது. அதை வைத்தே தன் திறமையைப் பற்றியும் முடிவு கட்டுகிறது. 2017-ல் ஜூலியா லெனார்டும் சகாக்களும் ஏறக்குறைய 15 மாதக் குழந்தைகளிடம் செய்த சோதனை இன்னும் எளிது. ஒரு பெரியவர் டப்பாவுக்குள் இருக்கும் பொம்மையை எடுக்கத் திணறித் திணறி, கடைசியில் எடுக்கிறார். இன்னொரு குழுவுக்கு முன்னால் பெரியவர் சுலபமாக எடுத்துவிடுகிறார். அப்புறம் குழந்தையிடம் பாட்டுப் பெட்டி ஒன்று; அதன் பெரிய பொத்தான் வேலை செய்யாது. திணறியவரைப் பார்த்த குழந்தைகள் அந்தப் பொத்தானை அதிக முறை அழுத்தின.

இதனால்தான் திங்கட்கிழமை மறுபடி ஷூ மாட்டுவது, ஞாயிற்றுக்கிழமை சொன்ன ஆறுதல் பேச்சைவிடப் பெரிசு என்கிறேன். சாக்குகளும் இப்படியே பதியும். "உள்பக்க லேன் குடுத்துட்டாங்க", "ரெஃப்ரி அவங்க ஆளு", "அவன் வயசு சர்டிஃபிகேட் டூப்ளிகேட்டு". கடைசியில் சொன்னது சில நேரம் உண்மையாகவே இருக்கலாம், புகார் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்கலாம். ஆனால் வண்டியில் முன்னால் உட்கார்ந்துவரும் ஆறு வயசு அதைக் கேட்டுக்கொண்டு, அடுத்த வாரம் கேரம் போர்டில் தோற்றதும் அண்ணனைப் பார்த்து அப்படியே திருப்பிச் சொல்லும். ஜெயித்தவருக்குக் கை கொடுப்பதையும் அது பார்த்திருந்தால் அதையும் செய்யும். ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளச் சொல்ல நம்மால் முடியாது.

பீச் ரோட்டில் இருவர் பந்தயம்

இந்தப் பிள்ளைகளுக்குத் தோற்பது, ஜெயிப்பது பழகும் நிஜமான களம் ஸ்டேடியம் இல்லை. புதுச்சேரியில் அது பீச் ரோடு, கடலூரில் சில்வர் பீச். பீச் ரோட்டில் மாலை 6 மணிக்கு மேல் காலை ஏழரை வரை வண்டிகளை விடுவதில்லை. காந்தி சிலைக்கும் பழைய கலங்கரை விளக்கத்துக்கும் பக்கத்தில் "அப்பா, அந்தக் கம்பம் வரைக்கும் ரேஸ்" என்று ஏதாவது ஒரு பிள்ளை ஆரம்பிக்காத மாலை இருக்காது. அப்பா காலை இழுத்து இழுத்து ஓடித் தோற்பார். தினமும் தோற்பார். இதில் ஒரு வேடிக்கையான பின்விளைவு உண்டு. நான் அப்பாவை ஜெயித்துவிட்டேன், அப்பா அந்த மஞ்சள் பனியன் மாமாவிடம் தோற்றுவிட்டார், ஆகவே அந்த மாமாவையும் நான் ஜெயித்துவிடுவேன் என்று பிள்ளை கணக்குப் போடும். போட்டி நாளில் அதன் அதிர்ச்சியில் இந்தக் கணக்கும் கலந்திருக்கிறது.

நாலு வயது வரை விட்டுக்கொடுத்து ஓடலாம், சப்பாணி விதி. ஐந்து, ஆறில் பிள்ளை கண்டுபிடித்துவிடும்: "நீ வேணும்னே மெதுவா வர்றே." அந்த நிமிடத்திலிருந்து விட்டுக்கொடுப்பது அதற்கு அவமானம். முழு வேகத்தில் ஓடித் தோற்கடிப்பதும் அபத்தம். இதற்கு ஓட்ட உலகத்திலேயே பழைய வழி ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஸ்டாவெல் என்ற ஊரில் 1878-லிருந்து ஈஸ்டர் சமயத்தில் நடக்கும் 120 மீட்டர் புல்தரை ஓட்டத்தில் எல்லாரும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. வேகம் குறைந்தவர் சில மீட்டர் முன்னால் நிற்பார், வேகமானவர் பின்னால். எல்லாரும் முழு வேகத்தில் ஓடுவார்கள், கடைசியில் யார் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

பீச் ரோட்டுக்கு இதை அப்படியே கொண்டுவரலாம். உங்கள் பிள்ளை 40 மீட்டரை 9 வினாடியில் ஓடுகிறது, நீங்கள் 60 மீட்டரை 9 வினாடியில் ஓடுகிறீர்கள் என்றால் அதற்கு 20 மீட்டர் முன்னால் இடம். விளக்குக் கம்பங்களை வைத்து அளந்துகொள்ளலாம், டைமிங் எடுக்க செல்போன் போதும். இருவரும் நிஜமாக ஓடுவீர்கள். ஒரு நாள் பிள்ளை ஜெயிக்கும், மறுநாள் நீங்கள். தோற்ற அன்று அழுதால் அழட்டும்; அடுத்த பந்தயத்துக்குக் கோட்டை ஒரு மீட்டர் தள்ளிப் போடுவது பற்றி அதனிடமே பேரம் பேசலாம். ஜெயித்த பிள்ளை தானாகப் பின்னால் வந்து நிற்பதும் உண்டு. வருடத்துக்கு வருடம் அந்த 20 மீட்டர் பதினைந்தாகும், பத்தாகும். பிள்ளை ப்ளஸ் ஒன் போவதற்குள் ஒரே கோட்டில் நிற்க வேண்டி வரும். அதற்கு மேல் யார் முன்னால் நிற்பது என்பது, அப்போது நீங்கள் மூத்தோர் தடகளத்தில் எந்தப் பிரிவில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.